கணினிக் காவலில் நமக்கும் இடம் உண்டு

(கிளைத் தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



கணினிப் பாதுகாப்புத் துறையில், மெஷின் நுணுக்கம் அறியாதவர்களும் பார்க்கக்கூடிய உத்தியோகங்களைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பை நோட்டீஸில் பார்த்துவிட்டு, "செக்ரோல் எழுதுகிறவனுக்கும் கம்ப்யூட்டர் திருடனைப் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்களாம். கேள்வி நியாயமானதே. சம்பந்தம் உண்டு என்பது நமது அபிப்பிராயம். அதை விளக்கத்தான் இங்கே நிற்கிறோம். எவரையும் நாளைக் காலையிலே ராஜினாமாக் கடிதம் நீட்டச் சொல்லும் நோக்கம் நமக்கில்லை.

நம் நிலைமையை முதலில் ஒளிவுமறைவின்றிப் பார்ப்போம். ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற சில இடங்களில் வீடமைப்புத் திட்டப் பலகை வந்துவிட்டது. பெரட்டில் பெயர் கூப்பிட்டுப் புத்தகத்தில் குறித்த வேலையைப் பல கம்பெனிகளில் இன்று கைப்பேசியும் கைரேகை மெஷினும் செய்கின்றன. சம்பளக் கணக்கு தலைமை ஆபீஸின் கணினியில் ஓடுகிறது. மூன்று கிராணிகள் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் உட்காருகிறார். மற்ற இருவர் என்ன ஆனார்கள் என்று விசாரித்தால், ஒருவர் லாரி ஓட்டுகிறார். இன்னொருவர் பட்டணத்தில் காவல்காரர் உடுப்புப் போட்டிருக்கிறார். அந்த வேலையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வருஷக்கணக்காகக் கணக்கெழுதிப் பழகிய கைக்கு அதைவிடப் பொருத்தமான காவல் வேலை ஒன்று இருந்தும், அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பதே நமது குறை.

கணினிப் பாதுகாப்பு என்றவுடன், இருட்டறையில் திரையைப் பார்த்தபடி விரல் பறக்கத் தட்டும் வாலிபனைத்தான் சினிமா நமக்குக் காட்டியிருக்கிறது. அத்தகையவரும் உண்டு. அவர் வேலை நமக்கு வராது. இந்த வயதில் அதற்காக ஏங்கவும் வேண்டாம்.

நமது பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். வெட்டுகிறவர் ஒருவர், நிறுக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். தராசு சரியானதா, மெட்ரோலாக் காட்டிய அளவும் புத்தகத்தில் ஏறிய அளவும் ஒன்றா, மாதக் கடைசியில் நம் கூட்டுத்தொகை தொழிற்சாலைக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு ஒருவர் கத்தி பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பால் எது, தண்ணீர் எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணினிப் பாதுகாப்பிலும் இப்படித்தான். பூட்டுச் செய்து மாட்டுகிறவர்கள் ஒரு வகுப்பார். எந்த அறைக்குப் பூட்டு இருக்கிறது, சாவிகள் யார் யார் கையில், கடைசியாகச் சாவியை எண்ணியது எந்தத் தேதி, சட்டம் என்ன கேட்கிறது என்று விசாரித்து எழுதி, எழுதியதற்கு அத்தாட்சி வைத்திருப்பவர்கள் இன்னொரு வகுப்பார். இந்த இரண்டாம் வகுப்பார் வேலையை ஆங்கிலத்தில் கவர்னன்ஸ், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் என்று மூன்று சொற்களால் அழைத்து, சுருக்கமாக ஜி.ஆர்.சி. என்கிறார்கள். நிர்வாக ஒழுங்கு, ஆபத்துக் கணிப்பு, சட்ட இணக்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வேலை விளம்பரங்களைப் படிக்கும்போது அந்த மூன்று எழுத்தைத் தேடுங்கள்.

இது யாரோ கட்டிவிட்ட கதையன்று என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். தகவல் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 27001 என்று உலகம் ஒப்புக்கொண்ட ஒரு தர நிர்ணயம் இருக்கிறது. அதன் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பின் பிற்சேர்க்கையில் 93 கட்டுப்பாடுகள் உள்ளன. நிர்வாகத்தைச் சேர்ந்தவை 37. ஆட்களைச் சேர்ந்தவை 8. கதவு, அறை, அலமாரி போன்ற இடங்களைச் சேர்ந்தவை 14. தொழில்நுட்பத்தைச் சேர்ந்தவை 34. கூட்டிப் பாருங்கள். 93-இல் 59 மெஷினுக்கு வெளியே நிற்கின்றன. வேலையை விட்டுப் போகிறவர் என்னென்ன பொருளைத் திருப்பித் தரவேண்டும், அறைக்குள் யார் நுழையலாம், வெளிக் குத்தகைக்காரரோடு செய்யும் ஒப்பந்தத்தில் எதை எழுதவேண்டும் — இவையெல்லாம் நாம் அன்றாடம் பார்க்கும் சங்கதிகள்தாம்.

இனி ஒரு நடந்த விஷயம். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வேண்டிய எரிபொருளில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் என்ற கம்பெனியின் கணினிகளை 2021 மே மாதத்தில் ஒரு கூட்டத்தார் முடக்கிப் பணம் கேட்டார்கள். கம்பெனி குழாயை நிறுத்தியது. பெட்ரோல் நிலையங்களில் மக்கள் வரிசையாக நின்றார்கள். சுமார் 44 லட்சம் டாலரைக் கம்பெனி கொடுத்தது; அதில் ஒரு பகுதியை அரசாங்கம் பின்னால் மீட்டது. திருடர் உள்ளே வந்த வழி எது தெரியுமா? வெளியிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கென்று முன்பு கொடுக்கப்பட்டு, பிறகு உபயோகத்தில் இல்லாமல் கிடந்த ஒரு பழைய கணக்கு. அதை யாரும் மூடவில்லை. கடவுச்சொல் ஒன்று தவிர இரண்டாவது சோதனையும் அதற்கு இல்லை.

தோழர்களே, இதைக் கேட்டவுடன் ஒரு கிராணிக்கு என்ன தோன்றும்? ஆள் போய்விட்டார், பெயர் புத்தகத்தில் இருக்கிறது! தோட்டத்தை விட்டுப் போனவர் பெயரை அடுத்த மாதச் செக்ரோலில் விட்டுவைத்தால் என்னென்ன விபரீதம் விளையும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இவர் இருக்கிறாரா? இந்தச் சாவி இவருக்கு இன்னும் தேவையா?" என்று கேட்டு, தேவையற்றதை அடித்து, அடித்த தேதியையும் அடிக்கச் சொன்னவர் கையெழுத்தையும் வாங்கி வைப்பது ஜி.ஆர்.சி. ஊழியரின் முக்கியமான வேலைகளில் ஒன்று. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் சொன்னதைச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லுகிறார்கள்.

சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் 2024-ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 854-ஆவது சட்டம், அந்த ஆண்டு ஆகஸ்ட் 26-இல் அமலுக்கு வந்தது. நாட்டின் உயிர்நாடியான துறைகள் என்று அது 11 துறைகளைக் குறிக்கிறது. வங்கி, மின்சாரம், தண்ணீர், மருத்துவம் ஆகியவை இருக்கும் அதே பட்டியலில் விவசாயமும் தோட்டத் தொழிலும் இருக்கின்றன! நம்மை யாரும் நினைக்கமாட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, சட்டம் நினைத்திருக்கிறது. இதனால் ஒவ்வொரு தோட்டமும் அச்சட்டத்துக்குள் வந்துவிடும் என்று அர்த்தமன்று. முக்கியமானதென்று நியமிக்கப்படும் நிறுவனங்களே கட்டுப்படும். கட்டுப்பட்டவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆபத்துக் கணிப்புச் செய்யவேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது தணிக்கை நடத்தவேண்டும். கணினியில் அசம்பாவிதம் நேர்ந்தால் உடனே தெரிவித்து, 6 மணி நேரத்துக்குள் முதல் விவரங்களையும், 14 நாளுக்குள் மீதி விவரங்களையும் தரவேண்டும். இந்தக் கணிப்பை எழுதுவது யார்? தணிக்கைக்காரர் கேட்கும் காகிதங்களைத் தேடி வரிசைப்படுத்துவது யார்? 6 மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தொழில்நுட்பக்காரர் சொல்லுவதைக் கேட்டு, அரசாங்கத்துக்குப் புரியும் பாஷையில் அறிக்கை எழுதுவது யார்? கூட்டல் கழித்தல் தவறாமல், தேதி தவறாமல் எழுதிப் பழகியவர்கள் வேண்டும்.

இரண்டாவது சட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 709-ஆவது சட்டம். 2013 நவம்பரில் அமலானது, 2024-இல் திருத்தப்பட்டது. திருத்தத்தின் பகுதிகள் 2025-இல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராதம் பத்து லட்சம் ரிங்கிட் வரை, சிறை மூன்றாண்டு வரை, அல்லது இரண்டும். தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டும். பெருவாரியான மக்களின் தகவலை வைத்திருக்கும் நிறுவனங்கள் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் முதல் கட்டாயம். அவர் இந்நாட்டில் வசிப்பவராகவும், மலாயும் ஆங்கிலமும் நன்கறிந்தவராகவும் இருக்கவேண்டும் என்கிறது வழிகாட்டி. அந்த அதிகாரியாகவே நாம் போய் உட்கார்ந்துவிடலாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கீழே பதிவேடு வைத்திருக்க ஆள் வேண்டும். இந்தச் சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் 2017-ஐ நினைத்துப் பார்க்கட்டும். நம் நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே விற்பனைக்கு வந்தது அந்த ஆண்டில்தான். நாட்டு ஜனத்தொகையைவிட அதிகம்!

இப்போது பால்வெட்டுத் தோழர்களைக் கேட்கிறோம். உங்கள் கைரேகை, பாஸ்போர்ட் நகல், வங்கிக் கணக்கு எண், மனைவி மக்கள் பெயர் எல்லாம் எங்கோ ஒரு கணினியில் இருக்கின்றன. 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், உடலை வைத்து ஆளை அடையாளம் காட்டும் தகவலை, கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவல் வகையில் சேர்த்திருக்கிறது. பெரட்டில் கைரேகை மெஷின் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கத்தி பிடித்தும் பால் பட்டும் தேய்ந்த விரலை அந்த மெஷின் சில நாள் ஏற்றுக்கொள்ளாது. அன்றைக்கு அவர் வேலைக்கு வரவில்லை என்று எழுதுவதா? பதிலுக்கு வேறு என்ன ஏற்பாடு? அதை யார் ஒப்புக்கொள்ளுவது? ஆள் வேலையை விட்டுப் போனபின் அவருடைய ரேகையை எத்தனை நாள் வைத்திருப்பது, அழித்ததற்கு அத்தாட்சி என்ன? மெஷின் விற்றவர் இந்தக் கேள்விகளைக் கேட்கமாட்டார். மெஷினை மாட்டும் இஞ்சினீயருக்கும் தோன்றாது. அவர் விரல் தேயவில்லை. தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று அறிவிக்கும் கடிதம் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. தமிழில், வங்காளத்தில், நேப்பாளியில் வேண்டுமென்று சொல்லவில்லை. அதைப் படித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நியாயமா என்று நிர்வாக மேசையில் உட்கார்ந்து கேட்கக்கூடியவர் யார்? தோட்டத்தில் பிறந்து, பெரட்டில் நின்று, பிறகு அந்த நாற்காலிக்குப் போனவர்தான். ஆதலால் இது வயிற்றுப் பிழைப்புக்கு வழி தேடும் விஷயம் மாத்திரமன்று.

சங்க வேலை செய்தவர்களுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. மாப்பாவுடன் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஷரத்து ஷரத்தாகப் படித்து, "இங்கே இப்படி எழுதியிருக்கிறது, உங்கள் தோட்டத்தில் இப்படி நடக்கிறது, இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம்" என்று மனேஜர் முன்னால் சொல்லிப் பழகியவர்கள் நாம். சட்ட இணக்க ஊழியரின் வேலை முக்கால்வாசி அதுவே. கோபப்படாமல், பயப்படாமல், "இல்லை" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதத் தெரியவேண்டும். இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. முதலாளியின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு முதலாளியின் குறையை எழுதும் உத்தியோகம் இது. தணிக்கை நாளுக்கு முதல் வாரம் மட்டும் புத்தகத்தைத் தூசி தட்டுகிற கம்பெனிகள் உண்டு. விதிமுறை அலமாரியில் அழகாக இருக்கும்; ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பாதுகாப்பு என்ற பெயரைச் சொல்லித் தொழிலாளியை வேவு பார்க்கச் சொல்லும் நிர்வாகமும் இருக்கலாம். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போகவேண்டும்.

இனி, கஷ்டங்கள். தொழில்நுட்பம் வேண்டாம் என்றால் ஒன்றுமே தெரியவேண்டாம் என்று எண்ணிவிடக்கூடாது. நகல் எடுத்து வைத்தல், இரண்டாம் அடையாளச் சோதனை, குறியாக்கம், சர்வர், கிளவுட், நடவடிக்கைப் பதிவு என்ற சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று புரிந்திருக்க வேண்டும். "நகல் எடுத்து வைத்திருக்கிறோம்" என்று தொழில்நுட்பக்காரர் சொன்னால், "கடைசியாக அதிலிருந்து திருப்பி எடுத்துப் பார்த்தது எந்தத் தேதி?" என்று கேட்கத் தெரியவேண்டும். அது தெரியாதவரை அவர்கள் ஏமாற்றிவிடுவார்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேகூட ஏமாற்றிவிடுவார்கள். மொழியும் ஒரு மலை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, புகுமுக வகுப்பில் மலாயோடு ஓராண்டு மல்லுக்கட்டியவர்கள் நாம். மலாய் கைவந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை பிழையில்லாமல் எழுத இன்னும் பலருக்குக் கை நடுங்குகிறது. இதற்கு மருந்து தினமும் ஒரு பக்கம் எழுதுவதுதான், குறுக்குவழி கிடையாது. அதோடு, இந்த வேலைகள் பெரும்பாலும் கோலாலம்பூர், சைபர்ஜெயா, பினாங்கு பக்கம். ஆரம்பச் சம்பளத்தில் வீட்டு வாடகை போனால் மிச்சம் சொற்பம். "அனுபவம் உள்ளவர் மட்டும் விண்ணப்பிக்கவும்" என்ற வரி ஆரம்ப வேலைக்கான விளம்பரங்களிலேயே வரும்.

இந்த ஏக்கத்தை வைத்துப் பணம் பண்ணுகிறவர்கள் ஏராளம். ஆறு வாரத்தில் சான்றிதழ், அடுத்த மாதம் பெரிய சம்பளம் என்பார்கள். நம்பாதீர்கள். உதாரணமாக, கணினித் தணிக்கைக்குப் பேர்போன சீசா என்ற சான்றிதழ் இருக்கிறது. பரீட்சை எழுதித் தேறலாம். ஆனால் ஐந்தாண்டுத் தொழில் அனுபவம் காட்டினால்தான் சான்றிதழைக் கொடுப்பார்கள். படிப்புக்காகச் சில ஆண்டுகளைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவே. பரீட்சைப் பணத்தைக் கட்டும்முன் இந்த நிபந்தனையைப் படித்தவர் எத்தனை பேர்? பணம் போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 2022-இல் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்ற ஆசைவார்த்தையை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய இளைஞர்கள் அங்கே அடைத்துவைக்கப்பட்டு, மற்றவர்களைத் தொலைபேசியில் ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி அடிக்கப்பட்டார்கள். விமான டிக்கெட்டை அவனே எடுத்துத் தருகிறான், நேர்முகப் பேட்டி கிடையாது, ஒப்பந்தக் காகிதம் கிடையாது என்றால், பிள்ளையைப் பெற்றவர்களே, பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

ஆகவே எங்கே தொடங்குவது? நாம் இருக்கும் மேசையிலேயே. தலைமை ஆபீஸுக்குப் போகும் சம்பளக் கணினியில் யார் யாருக்கு நுழையும் உரிமை இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஆபீஸில் ஆட்களின் விவரம் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது — இரும்பு அலமாரி, மனேஜர் கைப்பேசி, வாட்ஸ்அப் குழு, நகல் எடுக்கும் மெஷின் — என்று இன்னொரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் என்ன கேடு வரலாம், வந்தால் எவ்வளவு நஷ்டம், தடுக்க என்ன வழி என்று எதிரே எழுதினால், அதற்குப் பெயர்தான் ஆபத்துப் பதிவேடு. நிர்வாகத்தின் அனுமதியோடு செய்யுங்கள். அனுமதியில்லாமல் எதையும் திறந்து பார்க்கவேண்டாம், அது குற்றமாகிவிடும். ஒரு வருஷம் இதை ஒழுங்காக வைத்திருந்தவர் அனுபவம் இல்லாதவர் அல்லர். தோட்ட ஆபீஸிலிருந்து வட்டார ஆபீஸ், அங்கிருந்து தலைமை ஆபீஸின் தணிக்கைப் பகுதி என்று படி ஏறுவது, வெளியே போய்க் கதவைத் தட்டுவதைவிடச் சுலபம்.

படிப்புச் செலவுக்கும் ஒரு வார்த்தை. உள்நாட்டுத் தொழிலாளர் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வீதம் மனிதவள மேம்பாட்டுக்கென்று லெவி கட்டுகிறார்கள். அந்தப் பணம் தொழிலாளருக்குப் பயிற்சி கொடுப்பதற்காகவே இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. நாம் கேட்காவிட்டால் அது மேலதிகாரிகளின் ஹோட்டல் வகுப்புகளுக்குப் போய்விடும். அடுத்த பேச்சுவார்த்தையில் ஊழியர்களுக்குத் தகவல் பாதுகாப்புப் பயிற்சி வேண்டுமென்று கிளை எழுத்தில் கேட்கவேண்டும் என்பது நமது பிரேரணை. முறையான சான்றிதழ் இல்லாதவர்கள் உழைத்த அனுபவத்தைக் காட்டி உயர்கல்விக்குள் நுழைய மலேசியத் தகுதி முகமையின் அப்பெல் என்ற ஏற்பாடும் இருக்கிறது. விவரம் வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் வாருங்கள்.

கடைசியாக, நம் வீட்டுச் சங்கதி. இந்தக் கிளையின் அங்கத்தினர் புத்தகத்திலும் அடையாள அட்டை எண்ணும் வங்கி எண்ணும் இருக்கின்றன. அதைப் பூட்டி வைக்கும் அலமாரியின் சாவி எத்தனை, யார் கையில் என்று காரியதரிசி அவர்கள் இன்றே ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டாமல் கோப்பில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வகுப்பு. 709-ஆவது சட்டத்தின் மலாய்ப் பிரதி மூன்று கொண்டுவருகிறோம். ஆளுக்கு ஐந்து பிரிவாகப் பிரித்துக்கொண்டு தமிழில் சொல்லிப் பார்ப்போம். கிராணிமார் மாத்திரம் வந்தால் போதாது. பால்வெட்டுத் தோழர்களும், இடைநிலைப் பள்ளி முடித்து வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளும் வரவேண்டும். நோட்டும் பேனாவும் கொண்டுவந்தால் போதும், கணினி தேவையில்லை.